கலசத்துக்கு மேலே ஒரு ஜெட் ஸ்கீ

வெள்ளிக்கிழமை, காலை.

கீழ்மலைக் குளத்தின் நடுவே ஆளில்லாத ஜெட் ஸ்கீ ஒன்று தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. அதன் இருக்கையில் ஒரு லைஃப் ஜாக்கெட்டும் டீ-ஷர்ட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. சற்றுத் தள்ளி, முகம் தண்ணீருக்குள் இருக்க, ஜெயகுமார் கிடந்தான். பின்தலை பிளந்திருந்தது.

முதலில் கண்டது அன்றைய முதல் சுற்றுலாவில் வந்த வெளிநாட்டுத் தம்பதி. அவர்களுக்கு வழிகாட்டியாக முன்னால் ஓட்டிப் போன தயாபரன்தான் உடலைக் கரைக்கு இழுத்து வந்தான். செத்தவன் அவனுடைய மனைவியின் அண்ணன். இருவரும் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். இந்தக் குளத்தில் ஜெட் ஸ்கீ வழிகாட்டிகள் என்று இருந்தது அவர்கள் இருவர் மட்டுமே.

குளம் என்றால் அணைக்கட்டு நீர்த்தேக்கம். அணை வந்தபோது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் மாரியம்மன் கோயிலும் அப்படியே தண்ணீருக்குள் போயின. வறட்சியில் கோபுரத்தின் கலசம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் நிஸாம், கொழும்புக் கடற்கரையில் ஜெட் ஸ்கீ சுற்றுலாவைப் பார்த்துவிட்டு வந்து, நான்கு மெஷின்களை வாங்கி இங்கே இறக்கினார். மலை, நீர்வீழ்ச்சி, மூழ்கிய கோயில். சுற்றுலாவின் கடைசித் தரிப்பிடம் அந்தக் கோயில்தான்.

பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. விளங்குவதில் அவர் எப்போதுமே வேகம். ஜாக்கெட்டைக் கழற்றியிருக்கிறான், காலில் சப்பாத்து இல்லை, குதித்திருக்கிறான், அடியிலிருந்த கோபுரத்தில் தலை மோதியிருக்கிறது. தற்கொலை.

அவருடன் வந்திருந்த சார்ஜன்ட் கலாராணியின் வேலை, தமிழில் சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பது மட்டுமே. அப்புத்தளைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். மொழிபெயர்க்க வரும் இடத்திலெல்லாம் கேள்வியும் கேட்பாள் என்பதுதான் நிலையத்தில் அவள் மீதுள்ள ஒரே முறைப்பாடு.

"சேர், கோயிலுக்கு முன்னால ஆம்பளைங்க சட்டையையும் சப்பாத்தையும் கழட்டிட்டுத்தான் கும்பிடுவாங்க."

"குளத்துக்கு நடுவிலா?"

"கோயில் அங்கதானே சேர் இருக்கு."

பொறுப்பதிகாரி தலையைச் சொறிந்தார். "பொழுது சாயும்வரை விசாரி. அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் அறிக்கை போய்விடும்."

ஜெயகுமாரின் தாய் விஜயலெட்சுமி படகுத்துறையான ஜெட்டியின் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் இல்லாதவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கட்டிய படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே ஓடி வந்திருந்தாள். அழுது முடித்து, இனி அழ ஒன்றும் மிச்சமில்லாத முகம்.

"மிஸ், எம்புள்ள தானா சாகல. அப்பிடி எழுதிட்டா எங்க கோயில் மேளம் வராது. தானா செத்தவனுக்கு மேளம் அடிக்கிறதில்ல. எம்புள்ள ஊமையாப் போவான் மிஸ்."

"காலையில எப்பிடி இருந்தாரு அக்கா?"

"சந்தோசமா இருந்தான். நேத்து ராத்திரியே 'பிரச்சினை தீந்திருச்சும்மா'ன்னான். என்னான்னு கேட்டேன், 'தயாவுக்கு மொதல்ல சொல்லணும், அப்புறம் ஒங்களுக்கு'ன்னு சிரிச்சான். செவ்வந்தி மாலை கட்டிக் குடுத்தேன். வெள்ளிக்கெழமை கோயிலுக்கு மேல மாலைய மெதக்க விட்டுட்டுத்தான் மொத ட்ரிப்புப் போவான்."

"நூல்லயா கட்டுனீங்க?"

"சாமி மாலைய நூல்ல கட்டுவாங்களா? வாழைநாருதான்."

கலாராணி குளத்தைப் பார்த்தாள். காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. உடல் மிதந்தது, மெஷின் மிதந்தது. மாலையை மட்டும் காணவில்லை.

அடுத்தவன் தயாபரன். ஒல்லியான, சாந்தமான பையன். நனைந்த உடுப்புடன் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி துஷாந்தினிக்கு இது ஏழாம் மாதம் என்று கலாராணிக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எட்டு மணி பஸ்ல மிஸ்."

"வரும்போது ஜெயகுமார்?"

"இல்ல. அவரு மெஷினும் இல்ல. சாமிக்குப் போயிருப்பாருன்னு நெனச்சேன்."

"கலசம் இப்ப எவ்வளவு ஆழத்துல இருக்கு?"

"மழ புடிச்சிருச்சில்ல மிஸ். ரெண்டாள் ஆழத்துக்குக் கீழ போயிருச்சு."

"குதிச்சா தலை மோதுமா?"

அவன் யோசித்தான். "மோதாது மிஸ்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"நீங்க எந்த மெஷின்ல போனீங்க?"

"ரெண்டாம் நம்பர். வெள்ளைக்காரங்க நாலாம் நம்பர். மச்சான் ஒண்ணாம் நம்பர்."

"மூணு?"

"அது நேத்துப் பின்னேரமே பாசி அடைச்சு நின்னுருச்சு. கரையில ஏத்தி வெச்சிருக்கோம். இன்னிக்கி யாரும் தொடல."

ஆக, தற்கொலைக் கதை பாதி செத்தது. இரண்டாள் ஆழத்தில் இருக்கும் கோபுரத்தில் எவனும் மேலிருந்து குதித்துத் தலையைப் பிளந்துகொள்ள முடியாது. பாதி செத்த கதையைப் பொறுப்பதிகாரி முழுசாகவே பாவிப்பார் என்பது கலாராணிக்குத் தெரியும். வேறொன்று வேண்டும்.

நண்பகல்.

ஜெட்டிக்கு எதிரே ஸகீனாவின் தேநீர்க் கடை. கலாராணி பிளேன்டீ கேட்டாள். ஸகீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினாள்.

"தங்கமான புள்ள மிஸ். விடியக் கடை தொறக்கக்குள்ள ரெண்டு சோடி மஞ்சள் சப்பாத்தும் ஜெட்டியில இருந்திச்சு. ரெண்டு பேரும் சாமி கும்பிடப் போயிருக்காங்கன்னு நான் என்டபாட்டுல அடுப்ப மூட்டினேன். இப்பிடி ஆகும்ண்டு யாரு கண்டா?"

"ரெண்டு சோடியா?"

"ஓம். நிஸாம் நானா அந்தப் புள்ளைகளுக்கு வாங்கிக் குடுத்த ரப்பர் சப்பாத்து. வேற யாருட்டயும் இல்ல."

"பிறகு?"

"ஊத்துக்குப் போய்த் தண்ணி எடுத்திட்டு வரக்குள்ள ஒரு சோடிதான் இருந்திச்சு."

கலாராணி தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. வெளியே சத்தம் கேட்டது. தோட்டத்திலிருந்து ஆட்கள் திரண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கொன்றவர் முதலாளி நிஸாம்தான்.

காரணமும் இருந்தது. அம்மன் தலைக்கு மேலே பியர் போத்தலோடு படம் பிடிக்கிறார்கள், கோயில் பக்கம் சுற்றுலாவே போகக்கூடாது, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுத் தோட்டமும் வந்து ஜெட்டியை மறிக்கும் என்று ஜெயகுமார் ஆள் சேர்த்திருந்தான். புதன்கிழமை அவனும் நிஸாமும் ஊர் பார்க்க வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள்.

நிஸாம் மெஷின்களுக்கான தகரக் கொட்டகைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பதுளையால வந்ததே ஒம்பது மணிக்குப் பிறகு மிஸ்."

"சண்டை போட்டீங்களா?"

"போட்டேன். ஏன் இல்லண்டு சொல்லணும்? ஆனா அது முடிஞ்ச கதை. நேத்து பின்னேரமே..."

கொட்டகைத் தகரத்தில் ஒரு கல் விழுந்தது. பின்னால் இன்னொன்று. கலாராணி வெளியே ஓடினாள். யாரோ ஒருவன் மண்ணெண்ணெய்க் கலனுடன் நின்றான்.

"சாயங்காலத்துக்குள்ள யாருன்னு நான் சொல்றேன்!" என்று கத்தினாள். "அதுக்கு முன்னால இங்க தீ வெச்சா, ஜெயகுமார் தானா செத்தான்னுதான் எழுதுவாங்க. மேளம் வேணுமா, தீ வேணுமா?"

கலன் இறங்கியது. கூட்டம் மண்ணிலேயே உட்கார்ந்தது. கலாராணியின் மனதுக்குள் ஒரு பெயர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கொட்டகையின் பின்பக்கம் போனாள்.

மூன்றாம் நம்பர் மெஷின் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜெட் ஸ்கீக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிப்பக்கத்துக் கம்பிவலை வழியே தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சி அடித்துத்தான் ஓடும். வழியில் கிடப்பதையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அவள் மல்லாந்து படுத்து, டோர்ச்சை அடித்து, கையை உள்ளே விட்டாள்.

பாசி இல்லை. உள்ளே சுழலும் சக்கரத்தைச் சுற்றி இறுகிக் கிடந்தது வாழைநார். அதில் நசுங்கிய செவ்வந்தி இதழ்கள், இன்னும் வாடாமல்.

மாலை.

பொறுப்பதிகாரி வந்தார். கொட்டகைக்குள் நிஸாம், தயாபரன், விஜயலெட்சுமி. கலாராணி நின்றபடியே பேசினாள், தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. இன்று அவளே பேச்சாளர், அவளே மொழிபெயர்ப்பாளர்.

"இந்த மாலையை அக்கா இன்னிக்கி விடியக் கட்டினாங்க. ஜெயகுமார் அதைக் கோயிலுக்கு மேல மெதக்க விட்டிருக்காரு. எஞ்சினை நிப்பாட்டி, சட்டையைக் கழட்டி வெச்சு, தண்ணியில எறங்கிக் கும்பிட்டிருக்காரு. அப்ப ஒரு மெஷின் வேகமா வந்து அவர் தலையில அடிச்சிருக்கு. மாலையையும் உறிஞ்சியிருக்கு. அது மூணாம் நம்பர். நேத்துலேர்ந்து யாரும் தொடாத மெஷினுக்குள்ள இன்னிக்கிக் கட்டின மாலை எப்பிடி வந்திச்சு?"

"முதலாளியும் ஓட்டியிருக்கலாமே" என்றார் பொறுப்பதிகாரி.

"ஓட்டியிருந்தா சப்பாத்தோட ஓட்டியிருப்பாரு சேர். அவருக்கு அது கோயில் இல்ல, குளம். விடிய ஜெட்டியில ரெண்டு சோடி மஞ்சள் சப்பாத்து இருந்திச்சு. ஒரு சோடி செத்தவரோடது. மத்தவரு எட்டு மணி பஸ்ல வந்ததாச் சொல்றாரு. அவரோட சப்பாத்து அவருக்கு முன்னாலயே எப்பிடி வந்து சேந்திச்சு?"

கலாராணி தயாபரனைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"கொல்லப் போகும்போதும் சப்பாத்தைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போயிருக்கீங்க தயா. ஆத்தா மேல சப்பாத்துக் காலோட போக ஒங்களுக்கு மனசு வரல."

தயாபரன் அப்படியே குந்திவிட்டான்.

"ஞாயித்துக்கெழமை மறிச்சா எல்லாம் மூடிருவாங்க மிஸ். மறுபடி நான் கவ்வாத்துக் கத்தியோட தேயில வெட்ட மலைக்கு ஏறணும். எம்புள்ளையும் அதே லயத்துல, அதே காம்பராவுல... எத்தனையோ தடவ சொன்னேன், மச்சான் கேக்கல. பயங்காட்டத்தான் போனேன். கிட்டப் போனதும் கையி திருப்பல மிஸ். திருப்பியிருக்கலாம். திருப்பல."

விஜயலெட்சுமி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. மகன் தானாகச் சாகவில்லை என்று காலையில் கெஞ்சியவள் அவள்தான்.

நிஸாம் மெதுவாக முன்னால் வந்தார்.

"மிஸ், நான் நேத்து பின்னேரமே ஜெயகுமாருட்ட சொல்லிட்டேன் தானே. கோயில் பக்கம் இனிப் போக வேணாம், நீர்வீழ்ச்சியோட திரும்புவோம்ண்டு. மறியலும் இல்லண்டு அவனும் கைய தந்தான். தயாட்ட நான் சொல்லட்டாண்டு கேட்டேன். 'வேணாம் மொதலாளி, வெள்ளிக்கெழமை மாலை போட்டுட்டு நானே சொல்றேன், சந்தோசப்படுவான்'ண்டான்."

தயாபரன் நிமிர்ந்து பார்த்தான். அவர் சொன்னது அவன் காதில் விழ ஒரு கணம் எடுத்தது. பிறகு அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நின்றது.

பொறுப்பதிகாரி தற்கொலை அறிக்கையைக் கிழித்தார். "நல்ல வேலை, சார்ஜன்ட்" என்றார். அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று கலாராணிக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை, பிற்பகல்.

நீதிமன்றம் குளத்தில் எந்த மெஷினும் ஓடக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தது. தயாபரன் ரிமாண்டில் இருந்தான்.

தோட்டத்துக் கோயில் மேளம் வந்தது. குறையில்லாமல் அடித்தார்கள். துஷாந்தினி காம்பராக் கதவை உள்ளே பூட்டியிருந்தாள். அண்ணனைப் பார்க்க வரச் சொல்லி யார் தட்டியும் திறக்கவில்லை. அவளுக்கு ஏதாவது சொல்லலாம் என்று வந்த கலாராணி, கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

விஜயலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், குழியில மொத மண்ணு போட ஆளில்ல. அவனுக்குத் தகப்பன் இல்ல, கூடப் பொறந்த ஆம்பளை இல்ல. நேத்துக் காலையிலயே மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன், 'நீதான்யா போடணும்'ன்னு. 'சரி அத்தை'ன்னான்."

விஜயலெட்சுமி பிடித்த கையை விடவில்லை.

"ஒரு அரை மணிநேரம் அவனை விடுவாங்களா? வெலங்கோடவே வரட்டும்."

"விட மாட்டாங்க அக்கா."

விஜயலெட்சுமி தலையாட்டினாள். பெட்டியைத் தூக்கினார்கள். இடுகாட்டுக்குப் போகாமல் பெண்கள் நின்றுவிடும் வளைவு வந்தது, மற்றப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அவள் மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகனுக்கு மண் போட நடந்தாள்.