கடல்காற்று வருவதற்குள்

வாளியைத்தான் மஹ்ஜபீன் முதலில் பார்த்தாள். சிவப்பு பிளாஸ்டிக் வாளி... அதன் பின்னால் ஓடி வந்த ஆளைப் பார்ப்பதற்குள் தண்ணீர் பறந்து வந்து, அவள் அப்போதுதான் பற்றவைத்திருந்த தீயின் மேல் விழுந்தது. ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“யோவ்! இன்னாய்யா பண்றே?”

கோபம் வந்தால் மட்டும் அவளுக்குள்ளிருந்து அவள் ஊரான கரையான்சாவடியின் பேச்சு வெளியே வந்துவிடும்.

“பாத்தா தெரியல? தீயை அணைக்குதேன்! இத்தனை பேரு சுத்தி நின்னு வேடிக்கை பாக்குதீங்க...”

“வேடிக்கையா? அதை வச்சதே நாங்கதான்!”

அவன் வாளியோடு அப்படியே நின்றான். புகையில் சிவந்து நீர் கோத்திருந்த பெரிய கண்கள், அவளையும் அவள் கையிலிருந்த தீப்பந்தத்தையும் மாறி மாறிப் பார்த்தன. இந்த நேரத்தில் ஒருவனின் கண்களைக் கவனித்ததற்காக அவளுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது.

“நீங்களேவா... வச்சீங்க?”

பச்சைக் கிளையை ஊன்றி நின்ற நாகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்துத் தகர வீடுகளிலிருந்து இந்த வேலைக்கு வந்த பெண்களுக்கு அவள்தான் தலைவி. “அண்ணாத்தே, பாப்பா ஒரு மாசமா இதுக்காகத்தான் அலைஞ்சுகினு கீது. ஒரே பக்கெட்ல முட்ச்சிட்டியே!”

கள்ளிக்குப்பத்தைத் தாண்டி, ஏரிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் நடுவே கிடக்கும் புதர்க்காடு அது. வேலிக்காத்தானும், ஆளுயரத்துக்குக் காய்ந்த புல்லும். குடியிருப்பின் மதிலை ஒட்டித்தான் தகர வீடுகள். கோடை வந்தால் யாராவது குப்பை கொளுத்துவார்கள். அது கடல்காற்றில் காட்டுக்குள் ஓடி வரும். போன மேயில் தகர வீடுகளில் இரண்டு எரிந்துபோயின. அதனால்தான் வனத்துறையோடு சேர்ந்து மஹ்ஜபீனின் அறக்கட்டளை இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வீடுகளை ஒட்டி ஓர் அகலமான பட்டையில் இருக்கும் புல்லை, பிப்ரவரியிலேயே, கண்காணிப்போடு, தாங்களே எரித்துவிடுவது. பிறகு வரும் தீக்கு அங்கே தின்ன எதுவும் இருக்காது. ஒரே ஒரு நிபந்தனை... காலையில் காற்று ஏரியை நோக்கி வீசும்போதே வேலையை முடிக்க வேண்டும். கடல்காற்று வந்துவிட்டால் புகை வீடுகளுக்குள் போகும்.

நனைந்த இடத்தை விட்டு வேறு முனைக்கு ஆட்களையும் தண்ணீர் டேங்கரையும் நகர்த்துவதற்குள் கடல்காற்று வந்துவிட்டது. அன்றைய வேலை போச்சு.

“படிச்சவர்தானே நீங்க? கேட்டுட்டு ஊத்த மாட்டீங்களா?” என்றாள், மாடிகளில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

“நீங்க சொல்லிட்டு வைக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தான் அவன்.

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் அது உண்மை. தகர வீடுகளில் வாசல் வாசலாக உட்கார்ந்து பேசியவள், குடியிருப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐ.டி. ஆட்கள், அந்த நேரத்துக்கு ஆபீஸ் போயிருப்பார்கள் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாளே குடியிருப்புச் சங்கம் மறுத்துவிட்டது. அவர்கள் சம்மதம் இல்லாமல் தீ வைக்கக் கூடாது என்றார் வனத்துறை அதிகாரி. அனுமதி மாத முடிவு வரைதான். சங்கச் செயலாளர் யார் என்று விசாரித்தாள். ஹுமாயூன். திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். சிவப்பு வாளிக்காரர்!

போய்ப் பேச வேண்டும். கால் எழவில்லை. ஒரு வாரம் ஓடியது.

“ஒரு சாரி சொன்னா இன்னா, பல்லு கொட்டிடுமா?” என்றாள் நாகவல்லி. குரல் சட்டென்று இறங்கியது. “போன தபா எரிஞ்சதுல ஒண்ணு எங்க ஊடு பாப்பா. மறந்துட்டியா?”

அன்று மாலையே மஹ்ஜபீன் மூன்றாவது மாடியில் ஹுமாயூன் வீட்டு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்த அம்மாள் கையில் இன்ஹேலர் இருந்தது. அவன் தாய், ஜஹானாரா. “நீயா அந்தத் தீக்காரப் பிள்ளை? வாம்மா... நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு,” என்பதற்குள் அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்று அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏன் அப்படி ஓடி வந்தான் என்பதும்.

“உங்ககிட்ட வந்து சொல்லாதது என் தப்பு. மன்னிச்சிடுங்க...” என்றாள், உள்ளேயிருந்து வந்த ஹுமாயூனிடம். பார்வை தரையில் இருந்தது.

ஹுமாயூன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். “நானும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.”

“கத்தினது நான்.”

“ஆமால்லா... அப்போ நான் மன்னிச்சிருதேன்.”

சிரித்துவிட்டாள். அந்த ‘இருதேன்’ அவள் காதிலேயே தங்கிவிட்டது.

அவன் அதோடு விடவில்லை. “எரிச்சுக்கிட்டு இருக்கும்போதே காத்து மாறிட்டா?”

“அணைச்சிட்டு நிறுத்திடுவேன்.”

“அனுமதி முடிஞ்சு போச்சுன்னா?”

“போகட்டும். அம்மா மூச்சு விடறதை விடவா?” என்றவள் ஜஹானாராவிடம் திரும்பினாள். “எரிக்கிற அன்னிக்கு மட்டும் எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. எங்கம்மாவுக்கும் பேச்சுத் துணை.”

மறுநாள் அவனே ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினான். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை எரிக்கும் நாளன்று வெளியே அனுப்ப ஏற்பாடு செய்தான். சங்கம் சம்மதித்தது.

அந்த நாள் விடிந்ததும் ஜஹானாராவைக் கரையான்சாவடியில் விட்டுவிட்டு அவன் வந்து நின்றான். அவள் சொன்னபடி, பொறி பட்டால் உருகி ஒட்டாத பருத்திச் சட்டை. கையில் அதே சிவப்பு வாளி.

“இப்ப ஊத்தலாமா மேடம்?”

“கொன்னுடுவேன்!”

காற்றுக்கு எதிராக வைத்த தீ, அவசரமில்லாமல் முழங்கால் உயரத்தில் நகர்ந்து வந்தது. புகை ஏரியின் மேல் வெள்ளையாகப் போனது. வெட்டி நனைத்து வைத்திருந்த மண்கோட்டில் வந்து, தீ தானாகவே அடங்கியது. பறந்த பொறிகளைப் பச்சைக் கிளையால் அடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே நின்றான். அவன் இமைகளில் சாம்பல். துடைத்துவிடலாமா என்று ஒரு நொடி கை எழுந்து... இறங்கியது. கடைசிப் புல் கருகியபோது, கடல்காற்றின் முதல் குளிர்ச்சி இருவர் கன்னத்திலும் பட்டது.

“ஜபீன்...” என்று ஏதோ தொடங்கினான்.

“பாப்பா! டேங்கர்காரு கூப்புட்றாரு!” என்று கத்தினாள் நாகவல்லி.

அவன் அதைச் சொல்லி முடிக்கவே இல்லை. அவளுக்கு ஆவடிப் பக்கம் அடுத்த வேலை வந்தது. ஆனால் தினமும் அவனிடமிருந்து ஒரு செய்தி வரும். ‘இன்னைக்குக் கடல்காத்து சீக்கிரமே வந்துட்டு.’ ‘இன்னைக்குக் காத்தே இல்ல. வெக்கை.’ வேறு ஒரு வார்த்தை இருக்காது. அது வராமல் அவளுக்குத் தேநீர் இறங்குவதில்லை... ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மே மாதத்தில் ஒரு மதியம் செய்திக்குப் பதில் அழைப்பு வந்தது. “ஜபீன், ஏரிப்பக்கம் புகை. பெரிய தீ. வண்டிக்குச் சொல்லிட்டேன்.”

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி மிச்சப் புகையை நனைத்துக்கொண்டிருந்தது. கடல்காற்றில் ஆளுயரத்துக்கு எழுந்து வந்த தீ, அவர்கள் எரித்து வைத்திருந்த பட்டையின் விளிம்பில் படுத்துவிட்டிருந்தது. அதற்கு இப்பால் தகர வீடுகள் அப்படியே நின்றன. நாகவல்லி வீட்டுக் கொடியில் துணிகூடக் காய்ந்துகொண்டிருந்தது.

நாகவல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஈரத்துணியால் மூக்கை மூடியபடி இறங்கி வந்த ஜஹானாரா, அவள் நெற்றியில் கை வைத்து, “அல்லாஹ் உன்னை நல்லா வைக்கணும்மா,” என்றார். மாடிக்காரர்களும் வரிசையாக வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஹுமாயூன் மட்டும் தள்ளி நின்றான், வாளியோடு.

“எல்லாரும் நன்றி சொல்லிட்டாங்க. உங்களுக்கு வாய் வரலையா?”

“சொல்லிட்டா அதோட முடிஞ்சு போயிரும்லா... எனக்கு முடிக்க மனசில்ல.” சிவந்த அந்தக் கண்கள் இந்த முறை அவளை விட்டு நகரவில்லை. “வாழ்நாள் பூரா காத்துச் செய்தி அனுப்பலாம்னு இருக்கேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே. உங்களுக்குச் சம்மதம்னா...”

எங்கோ இடி உருண்டது. கரிந்த மண்ணில் பெரிய பெரிய துளிகளாக இரண்டு விழுந்தன.

“நான் ஒண்ணு சொல்லவா?” என்றாள் மெதுவாக. “அன்னிக்கு எல்லா மாடியிலயும் ஆளுங்க ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. வாளியைத் தூக்கிட்டு இறங்கி ஓடி வந்தது நீங்க ஒருத்தர்தான். திட்டிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி பூரா அதையேதான் நினைச்சேன்... தப்பான தீயை அணைச்சாலும் சரியான ஆளுன்னு.”

அவன் வாளியைக் கீழே வைத்தான். ‘டப்’பென்று ஒரு துளி அதற்குள் விழுந்தது.

“நாளைக்கு எங்க அத்தா, அம்மாகிட்ட உங்களப் பத்திப் பேசப் போறேன்,” என்றாள், கண்களில் குறும்போடு. “இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லாம வச்சேன்னு சண்டைக்கு வரக் கூடாது!”