பல் வலி இல்லாத நோயாளி

“எந்தப் பல்லு?”

முகக்கவசத்துக்கு மேலே பல் டாக்டரின் இரண்டு கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்து, எந்த நொடியும் சிரித்துவிடக் காத்திருக்கும் கண்கள். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த கோட்டைக்கு எல்லாப் பல்லும் வலிப்பது போலிருந்தது. உண்மையில் ஒன்றும் வலிக்கவில்லை.

கோட்டை, அலுவலகம் வைத்த பட்டப்பெயர். இணையத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் கம்பெனிக் கணினிகளுக்கு ஃபயர்வால் என்னும் காவலைப் போட்டவன் அவன். அதைத் தாண்டி ஈ, எறும்பு நுழையாது என்று மீட்டிங் தவறாமல் மார்தட்டுவான். பெற்ற தாய்க்கே போன் பாஸ்வேர்டைச் சொல்லாத ஆள்.

வாக்குப் பொய்க்கவில்லை. இப்போது அவனாலேயே நுழைய முடியவில்லை.

போன வாரம் நிஜமாகவே பல் வலித்து இங்கே காத்திருந்தபோது, சும்மா இருக்க மாட்டாமல் மடிக்கணினியைத் திறந்தான். காவலை இயக்கும் வலைப்பக்கம், தான் அப்போது இருந்த இடத்து இணையத்திலிருந்து மட்டுமே திறக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். நினைப்பெல்லாம் அலுவலகம், உட்கார்ந்திருந்ததோ பல் கிளினிக்கின் வைஃபையில்.

நாளை புதுக் கிளை திறப்பு. அந்தப் பக்கத்துக்குள் போய் வழிவிடாவிட்டால் கிளையில் ஒரு கணினியும் பேசாது. யாரிடமாவது சொன்னால் அரை மணி வேலை... ஆனால் கோட்டையின் மானம்? எனவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். ரிசப்ஷனில் இருந்த டாக்டரின் அத்தையோ, தினம் மாறும் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்பதற்குள் அவனை உள்ளே தள்ளிவிட்டார்.

இடப்பக்கம் காட்டினான்.

“போன வாரம் வலப்பக்கம்ல?”

“வலி... இடம் மாறிடுச்சு டாக்டர்.”

தட்டிப் பார்த்தாள். “பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாவம், இவ்ளோ துடிக்கிறீங்க... பிடுங்கிடலாம்.” நிதானமாக இடுக்கியை எடுத்தாள்.

கோட்டை இடிந்தது. வைஃபை, கட்டளை, கிளை... ஒன்றுவிடாமல் கொட்டினான். சிரிப்பதற்காகவே அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். ஐயோ, அதுவரை பார்த்த கண்கள் வெறும் முன்னுரை...

“அதைச் சொல்ல வெக்கப்பட்டு நல்ல பல்லைக் குடுக்கத் துணிஞ்சீங்களா?”

“பாதிப் பல்லு வரைக்கும்தான் துணிஞ்சேன் டாக்டர்.”

அத்தையிடம் வைஃபை கொடுக்கச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் மாலை மழையில் நனைந்து மறுபடியும் வந்து நின்றான்.

“இன்னும் திறக்கலையா?”

“நேத்தே திறந்துடுச்சு. ஆபீஸ் இடத்தையும் சேர்த்துட்டேன்.”

“அப்புறம்?”

“அனுமதிப் பட்டியல்லேர்ந்து உங்க கிளினிக்கை எடுத்துடணும். அதுதான் சட்டம்... நான் எழுதின சட்டம். எடுக்க உட்கார்ந்தேன், கை வரல. காலையில மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். என்னையே வெளியே வச்சுப் பூட்டிக்கிட்ட கதையை நானே சொல்லிட்டேன்... ஒரே சிரிப்பு. அது சரி, இன்னும் ஏன் அந்த இடம் உள்ளே இருக்குன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கு வேண்டியவங்க இடம்னு...”

அவள் கண்கள் தாழ்ந்தன. வெளியே மழை வலுத்தது. ரிசப்ஷனிலிருந்து அத்தையின் குரல் வந்தது, வலி இல்லாதவரைக் கிளம்பச் சொல் என்று.

“இருக்கட்டும் அத்தை,” என்றாள் அவள், கண்ணை நிமிர்த்தாமலே. “இன்னைக்கு இவருக்கு நிஜமாவே வலிக்குது.”