அறுபத்தாறு வயதில் மூப்பு

காலை பத்தரை மணிக்கு அந்தச் செவிலி புள்ளிவிவர அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரே ஒரு தாள். மூன்று மேசைகள் அவளை மாற்றி மாற்றி அலைக்கழித்தன. கடைசியில் ஒருவர் மூலை அறையைக் காட்டி, "தசமத்துக்கிட்ட போங்க" என்றார்.

தசமம் என்பது அந்த அறையில் இருந்த அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. ‘ஏறக்குறைய எட்டு’ என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த ‘ஏறக்குறைய’ எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டார். இறப்புப் பதிவேடுகளில் பொருந்தாமல் நிற்கும் எண்களுக்குக் காரணம் தேடுவது அவர் வேலை. அது தன்னுடைய வேலையும்தான் என்பது அவருடைய ஜீப் ஓட்டுநரின் எண்ணம். ஓட்டுநருக்கு வயது ஐம்பத்தாறு. வண்டி நிற்கும் நேரமெல்லாம் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

செவிலி தாளை மேசைமேல் வைத்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். சும்மா இருக்கும்போதும் இடது புருவம் மட்டும் சற்றே உயர்ந்து நின்றது.

"நான் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டியில வேலை பார்க்கிறேன் மேடம். புதன்கிழமை வடகரை, வெள்ளிக்கிழமை தென்கரை. அடுத்த மாசத்துலேருந்து வடகரைக்கு வண்டி கிடையாதாம். அங்க நோயே இல்லையாம்."

தாளில் இரண்டே வரிகள். ஆற்றின் இரு கரையிலும் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் இரண்டாயிரம் இரண்டாயிரம் பேர். கடந்த ஆறு ஆண்டுகளில் புற்றுநோயால் இறந்தவர்கள் தென்கரையில் தொண்ணூற்றாறு பேர், வடகரையில் முப்பது பேர். ஆண்டொன்றுக்கு ஆயிரத்தில் எட்டு பேர் தென்கரையில். இரண்டரை பேர் வடகரையில்.

"பெயின்ட் கம்பெனி!" என்றார் கதவோரத்திலிருந்து ஓட்டுநர். "தென்கரையிலதானே இருக்கு? கிட்டப் போனாலே கண்ணு எரியும். ஊரே கம்பெனி வாசல்ல உக்காந்து போராடிக்கிட்டு இருக்கு."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, தசமம் செவிலியைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தெரியணும்?"

"வடகரையில ஏன் இவ்வளவு கம்மின்னு தெரியணும் மேடம்."

தசமம் அந்தத் தாளைத் தன் கோப்பில் வைத்தார். பிறகு, "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அவள் போனதும் ஓட்டுநர் உள்ளே வந்தார். "ஜீப்பை எடுக்கட்டா? கம்பெனித் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வந்துடலாம்."

"தண்ணி இருக்கட்டும். அந்தப் பொண்ணு கேட்டதைக் கவனிச்சீங்களா? ஊர்ல எல்லாரும் தென்கரையில ஏன் அதிகம்னு கேக்கிறாங்க. இவ ஒருத்திதான் மாத்திக் கேக்கிறா."

அன்று மதியம் முழுவதும் தசமம் கணினித் திரையை விட்டு நகரவில்லை. அந்தப் பட்டியலில் பெயர்கள் இல்லை; வயது, தொழில், தெரு, தேதி, இறந்த இடம், காரணம் ஆகியவை மட்டும் இருந்தன. இரு கரையிலும் முதியவர்களின் மொத்த இறப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். வடகரையில் புற்றுநோய் குறைந்த இடத்தை வேறொரு காரணம் நிரப்பியிருந்தது. ‘மூப்பு.’

"வயசானவங்க மூப்புல போறது அதிசயமா மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"எண்பத்தெட்டு, தொண்ணூறுன்னா ஒத்துக்கலாம். இது அறுபத்தாறு. இது அறுபத்தொன்பது. இதைப் பாருங்க, அறுபத்தேழு. தொழில் தச்சு வேலை. பாலத்தடித் தெரு. போன வருஷம்."

ஓட்டுநர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக் குனிந்தார். "பாலத்தடித் தெருவுல ஒரே ஒரு தச்சர்தான். எங்க வீட்டு அலமாரி அவர் செஞ்சது. ரெண்டு மாடி தனியாளாத் தூக்கிட்டு வந்தாரு மேடம்! என் மச்சான் ஒரு பக்கம் பிடிக்கப் போனான், ‘தள்ளி நில்லுங்க, கால்ல விழுந்துடும்’னாரு. அதுக்கப்புறம் ஆறு மாசத்துல போய்ச் சேர்ந்துட்டாரு. இவருக்கா மூப்பு?"

"இன்னொண்ணு பாருங்க. வடகரையில புற்றுநோய்னு பதிவான முப்பது பேருமே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில இறந்தவங்க. வீட்டுல இறந்தவங்க ஒருத்தர்கூட இல்லை. தென்கரையில பாதிக்குமேல வீட்டுலதான் இறந்திருக்காங்க."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். தசமம் பழைய ஆண்டுகளின் பட்டியலைத் திறந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் தென்கரை 8.1, வடகரை 7.9. பெயின்ட் கம்பெனி வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அது கொல்வதாக இருந்தால் நடுவில் திடீரென்று ஒரு கரை மட்டும் பிழைத்துக்கொள்ளாது. எழுபதுக்குக் கீழே இருந்த ஒருவருக்கு ‘மூப்பு’ என்று எழுதிய முதல் பதிவைத் தேடினார். ஆறு ஆண்டுகளுக்கு முன், மார்ச் பதினொன்று. பெண். வயது அறுபத்தாறு. இறந்த இடம், வீடு. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருவர்.

மறுநாள் புதன்கிழமை. போகிற வழியில் பாலத்தருகே மருந்துக்கடையில் ஜீப் நின்றது. இரு கரைக்கும் அந்த ஒரு கடைதான். கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்தை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது சட்டம்.

"எந்தக் கரைக்கு அதிகமாப் போகுது?" என்று தசமம் கேட்டார்.

கடைக்காரர் பக்கங்களைப் புரட்டினார். "ரெண்டும் சமம்தான் மேடம். சொல்லப்போனா வடகரைக்கு ஒண்ணு ரெண்டு பாட்டில் கூடவே போகும். பாவம், ராத்திரியெல்லாம் கத்துவாங்களாம்."

ஜீப்பில் ஏறியதும் ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார். "மூப்புக்கு யாராவது அந்த மருந்து குடிப்பாங்களா மேடம்?"

"மாட்டாங்க அண்ணே."

வடகரையில் இறப்புச் சான்று எழுதுகிற மருத்துவர் ஒருவரே. எழுபத்திரண்டு வயது. வீட்டின் முன்னறைதான் அவருடைய மருத்துவமனை. அவர்கள் போனபோது கடைசி நோயாளி வெளியே வந்துகொண்டிருந்தார். மருத்துவர் ஒரு சான்றை எழுதி முடித்து மை காய வைத்திருந்தார். தசமம் அனுமதி கேட்டு அதைப் படித்தார். ‘குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு, படுக்கையில் பதினேழு நாள், அதன் பின் இரு நுரையீரலிலும் நிமோனியா.’ ஒரு எழுத்தும் சாயவில்லை.

"அழகா எழுதுறீங்க டாக்டர்."

"பதினேழுன்னா பதினேழு. பதினஞ்சு இருபதுன்னு எழுதுறது எனக்குப் பிடிக்காதும்மா."

தசமத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் சங்கடமாக இருந்தது. சுவரில் ஒரு பெண்மணியின் படம் மாட்டியிருந்தது. படத்தின் கீழே, அதே சாயாத கையெழுத்தில், ஒரு தேதி. மார்ச் பதினொன்று. படத்தில் இருந்தவரின் இடது புருவம் சற்றே உயர்ந்திருந்தது.

"அண்ணே, தெருமுனையில பரிசோதனை வண்டி நிக்குது. அந்தச் செவிலியைக் கூட்டிட்டு வாங்க."

செவிலி வந்தாள். செருப்பை வழக்கமாகக் கழற்றும் இடத்தில் கழற்றினாள். மருத்துவர் எழுந்து, "என்னம்மா, சாப்பிட்டியா?" என்றார். ஓட்டுநரின் வாய் திறந்தபடி நின்றது.

"உங்க மகள்தான் என்கிட்ட வந்தாங்க டாக்டர்" என்றார் தசமம். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. வடகரையில ஏன் கம்மின்னு மட்டும் கேட்டாங்க."

மருத்துவர் உட்கார்ந்தார். தசமம் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "இங்க நோய் கம்மி இல்லை, வலி மருந்து அங்க போற அளவு இங்கயும் போகுது. பெரிய ஆஸ்பத்திரியில இறந்தா புற்றுநோய். வீட்டுல இறந்தா மூப்பு. அப்படின்னா வித்தியாசம் தண்ணியிலயும் காத்துலயும் இல்லை, எழுதுற கையில இருக்கு. முதல்ல கவனக்குறைவோன்னு நினைச்சேன். இந்தச் சான்றைப் பார்த்ததும் அது இல்லைன்னு ஆயிடுச்சு. பதினேழு நாளை எண்ணி எழுதுற மனுஷன், ஒரே ஒரு வார்த்தை எழுதிட்டு நிறுத்துறாருன்னா, மிச்சத்தை வேணும்னே விடுறாரு. அப்படி எழுதின முதல் சான்று மார்ச் பதினொண்ணு. அந்தத் தேதி உங்க சுவத்துல இருக்கு."

மருத்துவர் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு மார்புல வந்துச்சு" என்றார் மருத்துவர். "நோயோட பேரு வெளிய தெரிஞ்சதும் வீட்டுக்கு ஆள் வர்றது நின்னுபோச்சு. வந்த ஒண்ணு ரெண்டு பேரும் வாசலோட போயிட்டாங்க. ஒட்டிக்கும்னு பயம். நான் டாக்டர், ஒட்டாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எவன் கேட்டான்! கடைசி நாள்ல அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. காகிதத்துலயாவது அந்தப் பேரை எழுதாதீங்கன்னா. எழுதல."

"மத்தவங்க?"

"அடுத்த மாசம் ஒரு குடும்பம் அழுதுகிட்டே கேட்டாங்க. என் பொண்டாட்டிக்குச் செஞ்சதை அவங்களுக்கு எப்படி மாட்டேன்னு சொல்றது? அதுக்கப்புறம் யாரும் கேக்கணும்னு நான் காத்திருக்கல. செத்தவங்களுக்கு ஒரு மரியாதை. யாருக்கு என்ன நஷ்டம் வந்துடப்போகுதுன்னு நினைச்சேன்."

அதுவரை சுவரோடு சாய்ந்து நின்ற செவிலி முன்னால் வந்தாள்.

"அப்பா, பாலத்தடித் தெரு தச்சரோட தம்பி ஏழு மாசத்துக்கு முன்னாடி என் வண்டிக்கு வந்தாரு. வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதுன்னாரு. குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சான்னு கேட்டேன். இல்லைம்மா, அண்ணன்கூட மூப்புலதான் போனாரு, உங்கப்பாவே எழுதியிருக்காருன்னாரு. நான் நம்பினேன். மூலம்னு மருந்து குடுத்து அனுப்பிட்டேன். அண்ணனுக்குக் குடல்ல வந்திருந்துச்சுன்னு ஒரு வரி இருந்திருந்தா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். போன மாசம் சுருண்டு விழுந்து, அப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க. இப்போ வண்டியையும் நிறுத்துறாங்க. நீங்க எழுதின அந்த வார்த்தையை நம்பித்தான் நிறுத்துறாங்க."

மருத்துவர் மகளைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார், மேசைமேல் விரித்துவைத்து, அவை வேறு யாருடையவையோ என்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அறுபத்துமூன்று பேர். ஒவ்வொருவருக்கும் எந்த உறுப்பில் வந்தது, எப்போது தெரிந்தது, எத்தனை நாள் வலி, எல்லாம் இருந்தது. பொய் எழுதிய ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் வந்து உண்மையை எழுதிவைத்திருந்தார். முதல் பக்கத்தில் அவர் மனைவி.

"எடுத்துக்குங்கம்மா. என்ன நடவடிக்கையோ எடுங்க."

"அது என் கையில இல்லை டாக்டர். நான் எண்ணைத் திருத்துவேன். மத்ததை மேல இருக்கிறவங்க பார்ப்பாங்க."

நோட்டில் இருந்ததைச் சேர்த்தபோது வடகரையின் எண் 7.75 ஆனது. ‘எட்டு’ என்றே எழுதிவிடலாமே என்று மேலதிகாரி சொன்னதற்குத் தசமம் ஒப்பவில்லை. பரிசோதனை வண்டியை நிறுத்தும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சான்று எழுதும் உரிமையை மருத்துவர் இழந்தார். விசாரணைக்கு நாளும் குறித்தார்கள். ஓட்டுநருக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை.

"அப்போ பெயின்ட் கம்பெனி நல்ல கம்பெனியா மேடம்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணே. கண்ணு எரியுதுன்னா அதுக்குத் தனியா ஒரு காரணம் இருக்கும். இந்த எண் அதைப் பத்தி எதுவும் சொல்லல."

அந்த வாரக் கடைசியில் மருத்துவரே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அறுபத்துமூன்று வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லப்போவதாகவும், முதல் வீட்டுக்குத் துணைக்கு யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டார். ஓட்டுநர் அதற்குள் ஜீப்பின் சாவியை எடுத்துவிட்டார்.

பாலத்தடித் தெருவில் தச்சரின் மனைவி கதவைத் திறந்தார். மருத்துவரையும் மகளையும் பின்னால் நின்ற இருவரையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். மருத்துவர் உட்காரவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு வந்தது மூப்பு இல்லைம்மா. குடல்ல புற்றுநோய். நான் மாத்தி எழுதிட்டேன்."

"தெரியும் டாக்டர்" என்றார் அந்த அம்மாள். "கூடவே இருந்து பார்த்தவளுக்குத் தெரியாதா?"

"தெரியுமா? அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "உங்க வீட்டு அம்மா போனதுலேருந்து அந்தப் பேரைக் கேட்டாலே உங்க முகம் மாறிடும். அன்னைக்கு வாசலோட போனவங்கள்ல நானும் ஒருத்தி. அந்த வெக்கம் எனக்கு உண்டு. நீங்க மூப்புன்னு எழுதினப்போ, சரி, இவருக்கு இந்த வார்த்தை முடியல, நாம எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். ஊரே அப்படித்தான் விட்டுச்சு. கொழுந்தனார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கணும்."

மருத்துவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் கை நீட்டினாள்; அவர் வேண்டாம் என்று தலையசைத்து, மெல்ல உட்கார்ந்தார்.

"கொழுந்தனாருக்கு இப்போ எப்படி இருக்கு?"

"நேத்துதான் ஆபரேஷன் முடிஞ்சுது. இனிமேதான் தெரியுமாம்."

"உங்க பசங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பையன், ஒரு பொண்ணு."

"வயசு?"

"பெரியவனுக்கு நாப்பத்தொண்ணு."

மருத்துவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மூணு பேரோட பேரையும் சொல்லுங்க" என்றார். "அடுத்த புதன்கிழமை வண்டியில முதல் ஆளா அவங்களைப் பார்க்கச் சொல்றேன். பக்கத்துல நானும் நிக்கிறேன்."

அந்த அம்மாள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.