படகில் ஏறிய மோட்டார் சைக்கிள்

ஒடிந்த கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த அந்தப் பெண், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றாரா, தம்பி பொய் சொல்றானான்னு தெரியணும் சார். யாரா இருந்தாலும் பரவாயில்ல. தெரியாம ஒரே வீட்ல இருக்க முடியல."

துப்பறிவாளர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். ஊரே 'அவசரம்' என்று கூப்பிடும் அவருடைய உதவியாளர் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

கணவருக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு. வளைகுடாவின் அக்கரையில் அவளுடைய தம்பிக்கு வேலை கிடைத்தது. யானைக்குட்டி மாதிரி கனத்த தன் மோட்டார் சைக்கிளை விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. பலகை போட்டு, ஆட்கள் தள்ளி, வண்டியைப் படகில் ஏற்றினார்கள். பாய்மரத்தின் அடியில் கணவரே கட்டினார். "இங்கிருந்து நகர்த்தாதே" என்று தம்பியிடம் கண்டிப்பாகவும் சொன்னார்.

விடியற்காலையில் மூடுபனி. சுக்கான் அறையில் கணவர் திசைகாட்டியைப் பார்த்தே படகைச் செலுத்தினார். ஆனாலும் படகு பாதை விலகி மணல்திட்டில் மோதியது. கீழ் அறையில் உறங்கிக்கொண்டிருந்தவள் தூக்கியெறியப்பட்டாள்.

"முதல்ல அவர், நேராத்தான் ஓட்டினேன்னார். 'மாமா தூங்கிட்டார்'ங்கறான் தம்பி. துறைமுகத்துல திசைகாட்டியைச் சோதிச்சாங்க, பழுதே இல்ல. இப்ப அவரே, 'கண்ணசந்துட்டேன் போல'ங்கறார். படகை விக்கப் போறாராம். என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறார்."

"தூங்கிட்டார், வேற என்ன?" என்றார் அவசரம், படியிறங்கும்போதே.

"இருக்கலாம்" என்றார் துப்பறிவாளர்.

இழுத்து வரப்பட்ட படகு துறையில் நின்றது. படகுக்காரரான கணவரும் தம்பியும் அதில் இருந்தார்கள்; அவளும் கூடவே ஏறினாள். மோட்டார் சைக்கிள் இன்னும் பாய்மரத்தடியில்தான் இருந்தது. துப்பறிவாளர் குனிந்து கயிற்றைப் பார்த்தார். செருப்பு நாடா போல இரட்டை வளைய முடிச்சு. படகின் மற்ற கயிறுகளில் அப்படி ஒரு முடிச்சுகூட இல்லை. வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டிச் சின்னக் கறை. சுக்கான் அறையின் வெளிச்சுவரை ஒட்டி, கூரை நீட்டத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இன்னொன்று. யாரோ துடைத்திருந்தும் பலகை இடுக்கில் கறுப்பு தங்கியிருந்தது. அதே சுவரின் உட்புறத்தில் திசைகாட்டி.

"மூடுபனியில பாய் நனையுமா?" என்று படகுக்காரரைக் கேட்டார்.

"மழை மாதிரி வடியும் சார். கீழ நின்னா தொப்பலாயிடும்." அவர் தலை நிமிரவில்லை.

தம்பி பக்கம் திரும்பினார். "நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"கீழதான் படுத்திருந்தேன். மோதின பிறகுதான் மேல வந்தேன்."

"அப்புறம் மாமா தூங்கினதை எப்படிப் பார்த்தீங்க?"

"பார்க்கல... தூங்காம எப்படி சார் மோதும்?"

துப்பறிவாளர் கயிற்றை அவிழ்த்தார். "அவசரம், ஒரு கை பிடிங்க." இருவரும் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சுக்கான் அறைச் சுவரில் சாய்த்தார்கள். "இப்ப உள்ள பாருங்க" என்றார் படகுக்காரரிடம்.

திசைகாட்டியின் முள் மெல்ல நகர்ந்து, வேறொரு திசையைக் காட்டி நின்றது.

"நீங்க தூங்கல" என்றார் துப்பறிவாளர். "முள் காட்டின திசையில நேராத்தான் ஓட்டினீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு இரும்பு நின்னது உங்களுக்குத் தெரியாது. ஜன்னல் உயரத்துல இருக்கு, பனியில பாய்மரத்தடியும் தெரியல. கடல் அசையாம இருந்ததால தனி ஆளா உருட்ட முடிஞ்சது. பாயிலேர்ந்து வடிஞ்ச தண்ணி வண்டி மேல விழக்கூடாதுன்னு யாரோ இங்க கொண்டுவந்தாங்க. மோதினதும் நீங்க ஓட்டையைப் பார்க்கக் கீழ ஓடினீங்க. வண்டி பழைய இடத்துக்குப் போயிடுச்சு. ஆயிலைத் துடைச்சவருக்கு உங்க முடிச்சு போடத் தெரியல."

"தெரிஞ்சே ஆளைக் கவுத்திருக்கான்!" என்றார் அவசரம்.

"இல்ல. இரும்பு முள்ளை இழுக்கும்னு அவருக்குத் தெரியாது. சொன்ன பேச்சைக் கேக்கலன்னு திட்டு விழுமேன்னுதான் பயம். மேலயே வரலன்னதும், பார்க்காமலே 'தூங்கிட்டார்'னதும்தான் பொய்."

தம்பி அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். "திசைகாட்டி சரியா இருக்குன்னதும் நெஜமாவே தூங்கிட்டார்னு நெனைச்சேன்க்கா. அப்படி நெனைக்கத்தான் எனக்கு வசதியா இருந்துச்சு."

அக்கா அவனைத் தாண்டிச் சுக்கான் அறை வாசலுக்குப் போனாள்.

படகுக்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, அன்றைக்குப் பின் முதல்முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்தார். "நான் தூங்கல."

"தெரியும்" என்றவள் உடனே தலையை அசைத்தாள். "இல்ல, தெரியல. அதான் இவர்கிட்ட போனேன். இப்பதான் தெரியும்."

அவர் அவளுடைய கட்டுப்போட்ட கையை விரல் நுனியால் தொட்டார்.

தம்பி எழுந்துபோய் வண்டியை நிமிர்த்தினான். கரைக்கு இறக்கும் பலகை வரை உருட்டியவனால் சரிவில் அதைத் தாங்க முடியவில்லை, முன்சக்கரம் நழுவியது. யாரையும் கூப்பிடவும் அவனுக்கு வாய் வரவில்லை. படகுக்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ப் பின்பக்கத்தைப் பிடித்தார்.

"பிரேக்கைப் பிடிச்சுக்கோ" என்றார். "மெதுவா இறக்கு."