வெள்ளம் 417

மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறக்கட்டளையின் அலுவலகம். புறநகர் ஊர்களின் பழைய புகைப்படங்களை இணையதளத்தில் பட்டியல் போட்டிருந்தார்கள். வேண்டுமென்று விண்ணப்பிப்பவர்களுக்குக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவது ஷபீனாவின் வேலை. நாள் முழுக்கத் தனியாகத்தான் இருப்பாள். பதில் கடிதங்களில் வரும் 'நன்றி' ஒன்றுதான் அவளிடம் யாரும் பேசுகிற பேச்சு.

அன்று காலை ஒரு விண்ணப்பம் வந்தது. திரிபுரசுந்தரி, அனகாபுத்தூர். கேட்டிருந்தது 'வெள்ளம் 417' என்ற படம். அனுப்பினாள். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

பத்து நிமிடத்தில் அதே பெயரில் இன்னொன்று.

"வரலையேம்மா."

மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது.

"இன்னும் வரலை. காத்துண்டிருக்கேன்."

எங்கிருந்தோ ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. ஜன்னலை மூடிவிட்டு, விண்ணப்பத்தில் இருந்த எண்ணை அழைத்தாள். வயதான ஆண்குரல் எடுத்தது.

"சார், திரிபுரசுந்தரி மேடம் இருக்காங்களா? வெள்ளத்துல எடுத்த ஒரு ஃபோட்டோ கேட்டிருந்தாங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. நின்றது.

"நான் கஸ்தூரிரங்கன். அவ என் ஆத்துக்காரி. அந்த வெள்ளத்துலயே போயிட்டாம்மா. படகுல ஒரு இடம்தான் இருந்தது. நீங்க ஏறுங்கோ, அடுத்ததுல வரேன்னா. ஏறிட்டேன்." குரல் தழைந்தது. "அடுத்தது வரலை."

ஷபீனா படத்தைத் திறந்தாள். தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர். ஒரு மாடி ஜன்னலில், கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண்.

"ஜன்னல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க சார்."

"எனக்கு அனுப்புவியாம்மா?"

அனுப்பினாள். சற்று நேரத்தில் அவரே அழைத்தார்.

"எங்காத்து ஜன்னல்தான். ஆனா அங்க யாரும் இல்லையேம்மா."

திரையைப் பார்த்தாள்.

கம்பி இருந்தது. பெண் இல்லை.

புதிதாக ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது.

"ரொம்ப நாள் தனியா நின்னுட்டேன். கால் வலிக்கறது. உன் பக்கத்துல செத்த உக்காந்துக்கறேன்."

பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. யாரும் உட்காராதது.

அது முனகியது.

எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தாள். அவரைப் போல நானும் விட்டுவிட்டுப் போவதா என்ற எண்ணம் காலைப் பிடித்தது. தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் மொட்டைமாடி வெயிலில் போட்டு எடுக்கிறாள்.

அந்த நாற்காலியின் மெத்தை இன்னும் காயவில்லை.