பிரேக் கழற்றிய சரக்கு லிஃப்ட்

ஸ்பேனரை லிஃப்ட் குழிக்குள் போட்டது கோதண்டம்தான். இருபத்தாறு வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்ளும் அதே கை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் சரக்கு லிஃப்டுக்குப் பிரேக் லைனிங் மாற்ற வந்த ஞாயிறு மத்தியானத்தில், எண்ணெய் வழுக்கி நழுவவிட்டது. அதை எடுக்கக் குழிக்குள் இறங்கியவன், கூட வேலை செய்யும் பாபு. அவன் தலைக்கு மேலே, முதல் மாடி உயரத்தில், இரண்டு டன் லோடோடு லிஃப்ட் நின்றது. அதன் பிரேக்கோ மொட்டைமாடி மெஷின் ரூமில், கோதண்டத்தின் காலடியில் கழன்று கிடந்தது.

"பிரேக் இல்லாம உளுந்துடாதா அண்ணாத்தே?" என்று இறங்குமுன் பாபு கேட்டிருந்தான்.

"வார்ம் கியர்டா மாமே. புழு மாதிரி முறுக்கின தண்டு சக்கரத்தைச் சுத்தும். சக்கரம் எத்தினி முக்கினாலும் தண்டைத் திருப்ப முடியாது. லிஃப்டு, வின்ச்சு, கிதார் கம்பி முறுக்குற திருகு, அல்லாத்துலயும் இதான். ஊட்ல அவ தண்டு, நான் சக்கரம்."

பாபு சிரித்துக்கொண்டே போனான்.

மோட்டாருக்குக் கரண்ட் போகாதபடி பிடுங்கிய ஃப்யூஸ் கேரியர் கோதண்டத்தின் சட்டைப்பையில் இருந்தது. கம்பெனியே ஓய்ந்துகிடக்க, சூடேறிய தகரக் கூரையின் படபடப்பும் பழைய கியர் எண்ணெயின் நாற்றமும் மட்டும் அறையில் தேங்கியிருந்த அந்த நேரத்தில், மோட்டார் தண்டின் முனையிலிருந்த கைச்சக்கரத்தில், அசைந்தால் தெரியட்டும் என்று அவன் போட்டுவைத்த சாக்பீஸ் கோடு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

கண்ணாடி மாற்ற வேண்டிய வயசுதான் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டான்.

கியரின் வெண்கலப் பல்லில் இரும்புத் தண்டு உரசியது. கோடு இன்னும் நகர்ந்தது.

கயிறு இறங்கும் துளையில் குனிந்து கத்தினான். "பாபு! ஏறி வா!"

"இரு அண்ணாத்தே. நகர எடமில்ல."

அந்தக் குழியில் நாலு பேர் படுத்துத் தூங்கலாம்.

கைச்சக்கரத்தைப் பிடித்தான். வெதுவெதுப்பு. உள்ளங்கை போல. முழு எடையோடு தொங்கினான். அவனையும் சேர்த்துத் திருப்பியது. மெதுவாக. பொறுமையாக.

"லிஃப்ட் உன் மேல எறங்குதாடா? சொல்லித் தொலைடா கண்ணு!"

குழிக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தம். ஒருவனுடையது அல்ல.

"டேய்!"

"எறங்கல அண்ணாத்தே." பாபுவின் குரல் நிதானமாக வந்தது. "மேலதான் போவுது. கீழ கீறவங்க தூக்குறாங்க. நானும் ஒரு கை குடுத்துகினு கீறேன். நீ சக்கரத்தை உட்டுடு."