குளிர்ந்த பதக்கம்

முகமெல்லாம் ரத்தம் வடிய ஒருவன் மழையில் எதிரே வந்தால் எந்தப் பெண்தான் அலறமாட்டாள்? ஹெஸ்டர் அலறினாள். அலறிய வேகத்தில் அவன்மேலேயே போய் மோதினாள். அவள் கையிலிருந்த எஜமானியின் கறுப்பு மார்ப்பதக்கம் விட்பித் துறைமுகத்தின் கல்படிகளில் நான்கைந்து படி உருண்டது.

"ஐயோ... உங்களுக்கு ரத்தம்!"

"ரத்தமில்லீங்க, சிவப்பு மெருகுப்பொடி. ஜெட்னு கறுப்புக் கல்லு நகைக்குப் போடுறது. எங்க தெருவுல எல்லாருக்கும் இதே மூஞ்சிதான்."

"கழுவிட்டு வெளிய வரக்கூடாதா?"

"அதைத்தான் மழை செஞ்சுக்கிட்டு இருக்கு... நீங்கதான் பாதியில வந்து இடிச்சீங்க."

சிவந்த முகத்தில் இரண்டு சாம்பல்நிறக் கண்கள், இமைகளில் மழைத்துளி... இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் தான் இல்லை என்று ஹெஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கவனித்தாள்.

அவன் பதக்கத்தை எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "ஊசி தளர்ந்திருக்கு."

"அதுக்குத்தான் கொண்டு வந்தேன். சரி பண்ற ஆள் யாரு?"

"நான்தான். சைலஸ். நாளைக்கு வாங்க."

மறுநாள் போனாள். நாளைக்கு என்றான். அதற்கு மறுநாளும் போனாள். நாளைக்கு என்றான்.

இதற்கிடையில் எஜமானி திருமதி பெல்லிங்ஹாம் வீட்டில் இடி விழுந்திருந்தது. கணவர் இறந்து ஓராண்டும் ஒரு நாளும் ஆகும்வரை ஜெட் தவிர வேறு நகை அணியக்கூடாது என்பதால் அந்த அம்மாள் நகைப்பெட்டியைத் திறக்கவே இல்லை. கெடு முடிந்த காலையில் திறந்தால், கணவர் கொடுத்த நீலக்கல் பதக்கத்தைக் காணோம். புறா முட்டை அளவு. சின்னப் புறாதான். ஆனாலும் முட்டை முட்டைதானே. சாவி துணைப்பெண் ஹெஸ்டரிடம்.

"சனிக்கிழமைக்குள்ள கல்லு வந்தாகணும். இல்லேன்னா திருடிங்கிற பேரோட நீ கிளம்பு. நற்சான்று எழுதித் தர மாட்டேன்."

நற்சான்று இல்லாத பெண்ணுக்கு இங்கிலாந்தில் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. ஹெஸ்டர் உள்ளே போய்த் தன் பெட்டியைக் கட்டி வைத்தாள். சைலஸிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டறைக்குள் நுழைந்தபோது அவன் பதக்கத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க! எங்க எஜமானியம்மா என்னைக் கொன்னுடுவாங்க!"

"ஜெட்டைக் கையில வெச்சா கதகதன்னு இருக்கும், தக்கை மாதிரி லேசா இருக்கும். இது சில்லுன்னு கனக்குது. பாருங்க..."

வார்னிஷ் ஓரத்தில் உரிந்த இடத்தில், கடல் ஆழத்து நீலம்.

ஹெஸ்டர் பதக்கத்தைக் கையால் பொத்தினாள். "இதை நான் கொண்டு போனா, நானே கறுப்படிச்சு ஒளிச்சேன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"எதுவும் கேக்காதீங்க... கூட வாங்க, போதும்."

பதக்கத்தைப் பார்த்த திருமதி பெல்லிங்ஹாம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சவ அடக்கத்தன்று காலை சடங்குக்காரன் வந்து எதையெதைக் கறுப்பாக்கணும் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "எல்லாத்தையும் கறுப்பாக்குங்க" என்று அழுதுகொண்டே சொன்னவள் அவள்தான். அவன் சொன்னதைச் செய்பவன். திரைச்சீலை, நாற்காலிக் கால்கள், கடிகாரத்தின் முகம், மேசைமேல் கிடந்த பதக்கம், எல்லாவற்றையும் கறுப்பாக்கினான். வீட்டுக் கிளி தப்பியது ஜன்னல் திறந்திருந்ததால்தான். கறுத்த பதக்கத்தை ஒன்றுவிட்ட தங்கை அனுப்பிய துக்கப் பரிசு என்று நினைத்து அந்த அம்மாள் நன்றிக் கடிதம் எழுதினாள். தங்கையும் நன்றியைப் பெற்றுக்கொண்டாள். ஓராண்டாக நீலக்கல் திருமதி பெல்லிங்ஹாமின் நெஞ்சிலேயே இருந்தது.

"ஊர் சிரிக்கும்... பெட்டி இடுக்குல கிடைச்சுதுன்னு சொல்லிடு ஹெஸ்டர். நீ இங்கயே இரு."

"என்னைத் திருடின்னீங்களே, அம்மா?"

அந்த அம்மாள் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றே தெரியாது. பேனாவை எடுத்தாள். நற்சான்றில் 'நேர்மையானவள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தாள். ஹெஸ்டர் கடிதத்தை வாங்கிக்கொண்டு தன் பெட்டியையும் தூக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் சைலஸ் நின்றுவிட்டான்.

"எங்க போறீங்க?"

"யார்க் ஊர்ல அத்தை இருக்காங்க. ஆறு மணி ரயில்."

"ஒண்ணு சொல்லணும்... படியில எடுத்தப்பவே தெரியும், அது ஜெட் இல்லேன்னு."

"முதல் நாளேவா?"

"சொல்லிட்டா நீங்க வாங்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எங்க தெருப்பக்கம் எதுக்கு வரப் போறீங்க? அதான்... நாளைக்கு, நாளைக்குன்னு..."

ஹெஸ்டரின் முகம் வெளுத்தது. "மூணு நாள்! அங்க நான் திருடின்னு பேர் வாங்கிட்டு, ஒரு வாய் சாப்பிடாம..."

"சத்தியமா தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே ஓடி வந்திருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லல?"

அவள் கடல் பக்கம் திரும்பினாள். கீழே துறைமுகத்தில் அலை வந்து போனது... மறுபடி வந்து போனது...

"ஊரே சந்தேகப்பட்டாலும் தாங்கிக்குவேன்," என்றாள் மெதுவாக. "நீங்க ஒருத்தர் என்னை அப்படிப் பாத்திருந்தா... தாங்கியிருக்க மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே புரிந்தது. சைலஸுக்கு அதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, ரயிலடிக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தான்.